கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பட்டறையில் கிரைண்டிங் மெஷினின் சத்தம் சட்டென்று நிற்கிறது. இளவழகன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிகிறான். பொறியோடு பறந்த இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. பட்டறையை நடத்தும் மேகலா ஓடிவந்து அவன் கையைப் பிடிக்கிறாள். "கசக்காதப்பா, கசக்காத." மூடிய இமையிலிருந்து வழியும் நீர், கன்னத்தில் படிந்த தூளில் கோடு போடுகிறது. டிராக்டரில் மாட்டி உழும் ரோட்டவேட்டரின் கத்தியைத் தீட்டக் கொண்டுவந்த கோவிந்தராசு பெஞ்சிலிருந்து எழுகிறார். "கண்ணாடி எதுக்குத் தம்பி இருக்கு? ஓனரம்மா வாங்கிக் குடுத்திருக்காங்கல்ல? மாட்டுனா அழகு கொறஞ்சிடுமா?" பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. ஜன்னல் வெயில் படும் அதன் இரண்டு வில்லைகளின் நடுவிலும் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். நேற்று மெஷின்களுக்கு வைத்த கையோடு மேகலாதான் அதற்கும் வைத்தாள். கோவிந்தராசு வருவதற்குச் சற்றுமுன் அவன் அதை எடுத்துப் பார்த்து, "அக்கா, சாமிக்கு வச்சது, துடைக்கலாமா?" என்று கேட்டபோது, "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே" என்றவளும் அவள்தான். "தப்பு என்னோடதுதாங்க" என்கிறான் இளவழகன், ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்தபடி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நிற்கிறது. "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று கோவிந்தராசு அவளிடம் சொல்கிறார். மேகலாவின் தலை, ஆமாம் என்பதுபோல் அசைகிறது.