ஒரு முழத் துப்பாக்கி

“அவனை இன்னைக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் வீடு திரும்புவேன். நீ குறுக்கே வராதே” என்றாள் ஓபல்.

டல்சா நகரத்துத் துப்பாக்கிச் சந்தையின் வாசலில் காவலாளி அவள் கைப்பையைக் குடைந்து பார்த்தான். குண்டு எதுவும் இல்லை. தங்கை நெல்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே நட்டநடுவில் துப்பாக்கி வியாபாரி ராய்ஸின் மேசை. வெல்வெட் துணிமேல் அந்தக் கைத்துப்பாக்கி கிடந்தது. குழல் மட்டும் ஒரு முழம் இருக்கும்; கைத்துப்பாக்கி என்று பெயர்தானே தவிர, தூக்க இரண்டு கை வேண்டும். விலைச் சீட்டில் இருபதாயிரம் டாலர்.

போன குளிர்காலம்வரை அது ஓபல் வீட்டு அலமாரியில் இருந்தது. அவள் கணவர் எமெட் கையைக் கழுவி, வெள்ளை உறை மாட்டிக்கொண்டுதான் பெட்டியையே திறப்பார். ஒருமுறை நெல்டா குனிந்து பார்த்ததற்கு, “மூச்சுக் காத்து படுது, தள்ளி நில்லும்மா” என்று விரட்டியிருக்கிறார்.

எமெட்டை அடக்கம் செய்த மறுவாரமே ராய்ஸ் வந்தான். ஒரே சர்ச்சுக்காரன் வேறு. துக்க வீட்டுக்கென்று கோழியும் சீஸும் போட்டுச் சுட்டதை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வந்தவன், “இது சும்மா ஷோவுக்கு வைக்கிற சாமான். எடைக்குத்தான் போகும். எமெட் முகத்துக்காக நான் எடுத்துக்கறேன்” என்று எண்ணூறு டாலரை வைத்துவிட்டு அள்ளிக்கொண்டு போனான். அழுதுகொண்டிருந்த பெண்பிள்ளையிடம் செய்த காரியம் இது.

சந்தை விளம்பரத்தில் அதன் படத்தையும் விலையையும் பார்த்த நாளிலிருந்து ஓபலுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நெல்டாவுக்கே வயிறு எரிந்தது என்றால் அக்காவுக்கு எப்படி இருக்கும்?

மேசைக்கு முன்னால் பெரிய தொப்பியோடு ஒரு டெக்சாஸ்காரர் நின்றிருந்தார். ஒரு கையில் செக் புத்தகம், மறு கையில் பேனா. வாங்குவதா வேண்டாமா என்று மனசுதான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

“இம்மாம் பெருசை எங்க வைக்கப் போறேன்னு என் பொண்டாட்டி கேப்பாளே.”

“அவங்ககிட்ட ஏன் சார் காட்டறீங்க?” என்று இளித்தான் ராய்ஸ். “ஒரு குண்டுகூடப் போடாத துப்பாக்கி. தொழிற்சாலை மெருகு அப்படியே இருக்கு. அதுக்குத்தான் இந்த விலை. சுட்டிருந்தா இதுல கால்வாசி தேறுமா?”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நான் எதை வச்சு நம்பறது?”

அப்போதுதான் ராய்ஸ் ஓபலைப் பார்த்தான். கொஞ்சமாவது கூசினானா? ம்ஹூம்.

“சரியான நேரத்துக்கு வந்தீங்க ஓபல்! சார், இவங்க வீட்டுலேருந்து நேரா வாங்கினது. இவங்க வீட்டுக்காரரைத் தவிர வேற கை பட்டதில்லை. எங்க ஊர்ல பொய்யே பேசாத ஆளு இவங்க. நீங்களே கேட்டுக்கோங்க.”

எவ்வளவு திமிர் பாருங்கள். துப்பாக்கியைத் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தான்.

நெல்டா அக்கம்பக்கம் பார்த்தாள். சுற்றிலும் மேசை மேசையாகத் தோட்டாக்கள். ஓபல் அந்தக் கனத்தை இரண்டு கையாலும் உயர்த்தினாள். குழல் ராய்ஸின் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது.

“அக்கா, வேணாங்க்கா!”

ஓபல் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“என் ராசா! தினம் சாயங்காலம் இதைத் தூக்கிட்டுத்தானே கொல்லைப்பக்கம் போவாரு! எத்தனை விரியன் பாம்பு, எத்தனை பீர் டப்பா!”

டெக்சாஸ்காரரின் பேனா அந்தரத்தில் நின்றது. “இதாலயாம்மா சுட்டாரு?”

“இதாலதாங்க. சுட்டுட்டு வந்து துடைச்சு வச்சாருன்னா கண்ணுல ஒத்திக்கலாம், எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நடுவுல மெருகு போயிடுச்சுன்னு அவரே கராஜ்ல உக்காந்து தேய்ச்சு, புதுசா ஏத்தினாரு. கிறிஸ்துமஸ் வந்தா பீகன் கொட்டை உடைக்கிறதுகூட இந்தக் கைப்பிடியாலதான்.”

“பொய்!” என்று அலறினான் ராய்ஸ். “இந்தம்மா பொய் சொல்லுது சார்!”

“இப்பத்தானேய்யா பொய்யே பேசாத ஆளுன்னே?”

செக் புத்தகம் சட்டைப் பைக்குள் போனது. பக்கத்து மேசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கச் சேதி பரவிவிடும். அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியைச் சீந்த ஆளிருக்காது. ராய்ஸ் விலைச் சீட்டை எடுத்துக் கசக்கினான். நெல்டாவுக்கு அதைப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது.

ஓபல் மூக்கைச் சிந்திக்கொண்டு துப்பாக்கியைத் துணிமேல் பதவிசாக வைத்தாள். “உன் தட்டைக் கழுவி வச்சிருக்கேன் ராய்ஸ். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல தரேன்.”

காரில் ஏறியதும் நெல்டாவால் பொறுக்க முடியவில்லை.

“அத்தான் இவ்வளவு சுடுவாரா? எனக்குத் தெரியவே தெரியாதேக்கா!”

ஓபல் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். முகத்தில் அழுத சுவடே இல்லை.

“அவரா? ஜூலை நாலு பட்டாசுக்கே கட்டிலுக்கடியில பூந்துக்கிற மனுஷன்டீ அவரு!”