முதுகில் மூன்று புள்ளி

குன்னத்துக்கு வெளியே இருக்கும் முள்ளுக்காட்டில் ஓணான்களைக் கணக்கெடுக்க, பேராசிரியர் கோதண்டபாணி ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். தொப்பி, பைனாகுலர், தோல் அட்டை போட்ட நோட்டு எல்லாம் கூடவே இறங்கும்.

ஆடு மேய்க்கும் உண்ணாமலைதான் அவருக்கு இடம் காட்டுவாள். வாரத்தின் மற்ற நாட்களில் அவள் பேச்சைக் கேட்க ஆடுகள் மட்டுமே உண்டு. அவையும் பாதியில் எழுந்து போய்விடும்.

"கணக்கெடுப்பு முடிஞ்சுது உண்ணாமலை. இந்தக் காட்டுல மொத்தம் நாலே இனம். இனிமே நான் வர வேண்டியதில்ல."

"நல்லாப் பாத்தீங்களா சார்? முதுகுல மூணு செவப்புப் புள்ளியோட ஒண்ணு திரியுதே."

"இருபத்தெட்டு வருஷமா ஓணான் பாக்கறேன். அப்படி ஒண்ணு உலகத்துலயே கெடையாது."

"வர ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

வந்தார். சற்றுத் தள்ளி, கள்ளியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பைனாகுலரை இறக்காமலே நோட்டைத் திறந்தார்.

"புது இனம். இதுக்கு என் பேரைத்தான் வைக்கணும். கிட்டப் போய்க் கலைச்சுடாதே."

"நான் எதுக்கு சார் போறேன்? இன்னும் எத்தன வாரம் வருவீங்க?"

"வாரமா? ஆராய்ச்சின்னா சும்மாவா? ரெண்டு வருஷமாவது ஆகும்."

பஸ் கிளம்பியதும் உண்ணாமலை வீட்டுக்கு வந்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து பதினோரு வருஷமாகத் திறக்காமல் கிடந்து, இந்த வாரம்தான் திறந்த குங்குமச் சிமிழை மடியிலிருந்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

ரெண்டு வருஷத்துக்குத் தாராளமாக வரும்.