கை எடுக்கும் வரை

மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார் நாடகக் குழுத் தலைவர். பக்கத் திரைக்குள், பெட்டியின் முன் குனிந்திருந்தாள் அவர் மனைவி.

பெட்டி என்பது அந்தப் பழைய கீபோர்டுக்குக் குழு வைத்த பெயர். பல வயலின்கள் சேர்ந்து இசைப்பது போன்ற ஒலியைத் தவிர வேறெதுவும் அறியாதது. சூடேறினால்தான் சுருதி நிற்கும். அதற்காகவே எல்லோருக்கும் முன்பாக வந்துவிடுவாள். குனிந்து குனிந்து அவள் முதுகு விட்டுப்போயிருந்தது.

வயலின்காரருக்கு வில் தீரும். பாடகருக்கு மூச்சுத் தீரும். பெட்டிக்கு இரண்டும் இல்லை. கட்டையை அழுத்திய விரல் எழும் வரை அதன் ஒலி ஓயாது.

நாடகம் பார்க்க வந்தவர்கள் அந்த இசையைப் பதிவுசெய்த டேப் என்றே நம்பினார்கள்.

நாடகம் முடிந்ததும் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்வார் கணவர். நாற்காலி சுமப்பவருக்கும் கைதட்டல் உண்டு, அவளுக்கு இல்லை. இன்று காலை, வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

"நீயும் முன்னால வந்து நின்னுட்டா, பெட்டிய யாரும்மா பாத்துக்கறது?" என்று சிரித்தார்.

இதோ, அரங்கம் காத்திருந்த வசனம்.

"பெண்ணை 'டி' என்று விளிக்கும் நாவே, அடங்கு! அவள் உன் உடைமையல்ல, உன் நிகர்!"

கைதட்டல் கூரையை முட்டியது. இங்கே அவள் கட்டையிலிருந்து கையை எடுக்க வேண்டும். ஒலி ஓய்ந்த பிறகே அவர் அடுத்த வரியைத் தொடங்குவார். என்றும் அதுதான் கணக்கு.

எடுக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எடுக்கவே அலுப்பாக இருந்தது.

கைதட்டல் தணிந்தது. வயலின்கள் தணியவில்லை.

உயர்த்திய கையோடு நின்றார் அவர். பிறகு, மைக்கைக் கம்பியில் நிறுத்திப் பேசிய காலத்துப் பழக்கத்தில், முகத்தை மட்டும் பக்கத் திரைக்குத் திருப்பிப் பல்லைக் கடித்தார். மைக் இப்போது சட்டையில் குத்தியிருப்பது நினைவில் இல்லை.

"கைய எடுடி!"

அரங்கின் அத்தனை ஒலிபெருக்கிகளும் அதை ஒரே குரலில் சொல்லின.

முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார்.

"ஐயையோ, டேப் இல்லையா இது? உள்ள ஆளா இருக்காங்க?"

அதைக் கேட்ட பிறகுதான் அவள் விரல்களை எடுத்தாள்.

பழைய பெட்டி. விரல் எழுந்த பின்னும், ஒலி அடங்கச் சற்று நேரமாகும்.