நாலு சிவப்பு மணிகள்

"இது ஆத்து மணலே இல்ல சார். கடற்கரை மணல்!"

லேப் மேடம், சல்லடையில் சலித்த மணலை வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை அதிகாரி பக்கம் தள்ளினாள்.

"சிவப்பாத் தெரியுதே, அது கார்னெட். பக்கத்துல கறுப்பா இருக்கறது இல்மனைட். அணைக்கட்டு இருக்கற ஆத்துல இது ரெண்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது."

அதிகாரி குனிந்து பார்த்தார். நாலு சிவப்பு மணிகள் பளிச்சென்று கிடந்தன.

அணைக்கட்டிலிருந்து மணலை எடுத்துவந்தவர் ஜீப் டிரைவர். அவர் வீடோ கடற்கரையில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவ்வளவு தூரம் போக உடம்பு வணங்காமல் வாசலிலேயே ஒரு பை அள்ளி வந்திருக்கிறார். அவளுக்கு ரொம்ப நாளாகவே அவர்மேல் சந்தேகம்தான்.

டிரைவரைக் கூப்பிட்டார்கள்.

"என்னப்பா இது? வேலையில இருக்கணுமா, வேண்டாமா?"

"நான் போனேன் சார். ஆத்துல இறங்கித்தான் அள்ளினேன்."

"கல்லுளிமங்கன் மாதிரி நிக்கறதைப் பாருங்க சார்! மனுஷன் பொய் சொல்லலாம், மணல் சொல்லாது. இப்பவே ரிப்போர்ட் எழுதறேன்."

"நேத்து முழுக்கக் காய்ச்சல்ல கிடந்துட்டு வந்திருக்கீங்க, டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்ற அதிகாரி, டிரைவர் பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

டிரைவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சல்லடையைக் கழுவிட்டு, பையில இருக்கற மீதி மணலைச் சலிச்சுப் பாக்கச் சொல்லுங்க சார். அப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

ஸ்டியரிங் பிடிக்கிறவர் எனக்குச் சல்லடை பிடிக்கக் கற்றுத்தருகிறாரா! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பித்தளைச் சல்லடையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்து ஓங்கித் தட்டினாள்.

வெள்ளைத் தொட்டியில் சிவப்பும் கறுப்புமாகப் பொடிமணல் உதிர்ந்தது.

அவள் முகம் வெளிறிப்போனது. சத்தமில்லாமல் சல்லடையைக் கழுவினாள், உலர்த்தினாள், மீதி மணலைச் சலித்தாள். ஒரு சிவப்பு மணிகூட இல்லை.

"சல்லடையில... ஏதோ பழைய மணல் ஒட்டியிருந்திருக்கு சார்."

"பாத்துச் செய்யக் கூடாதாம்மா? ஒரு ஆளோட பொழப்பு!" அதிகாரி சிடுசிடுத்தபடி எழுந்து போனார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கோளாறு சல்லடையிலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி தூரப் போய்விட்டாரா என்று டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து அணைக்கட்டுலேர்ந்து திரும்பினப்போ, எங்க வீட்டுக்கு எதிர்லதான் மேடம் உங்க பாப்பா இந்தச் சல்லடையை வச்சு மணல் சலிச்சு விளையாடிட்டு இருந்துச்சு. நீங்ககூடப் பலூன் வாங்கிக் குடுத்தீங்க. காய்ச்சல்னு லீவு போட்டிருக்கீங்களே, சார் முன்னாடி எப்படிச் சொல்றது?"