படத்துக்குக் கீழே ஒரு வரி

"பயப்படாம உக்காருங்க சார், உடையாது," என்றார் டீச்சர்.

முழங்கால் மோவாயில் இடிக்க, அவன் ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில் மகள். தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வாயாடி என்பது அவள் அம்மா வைத்த பட்டப்பெயர். இரண்டு வயதில் அது பொருந்தியது. அம்மா இறந்த பிறகு பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

எதிர்ச் சுவரில் 'என் வீடு' என்று பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வரியை டீச்சர் தடித்த பேனாவால் எழுதியிருந்தார்.

எங்கள் பூனை திருடி.

அப்பா குறட்டை விட்டால் ஜன்னல் ஆடும்.

ஒரு படத்தின் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. பழுப்பு நிறத்தில் நீளமான ஒரு கட்டம். அதன் அடியில் இரண்டு கறுப்புத் தீற்றல்கள்.

"அலமாரின்னு நினைக்கிறேன். கேட்டா வாயத் திறந்தாத்தானே." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மத்ததுங்க கதை கதையா அளக்குதுங்க சார். இவ ரெண்டு வார்த்தை சேத்துப் பேசி நான் கேட்டதில்ல. இப்படியே போனா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான். கூட்டாளிங்க எல்லாம் ரெண்டாம் வகுப்புக்கு மாடிக்குப் போயிடுவாங்க."

மகளின் கால்கள் ஆடுவதை நிறுத்தின.

"பிள்ளை சின்னதா இருக்கும்போதே ஒருத்தங்க வீட்டுக்கு வருவாங்களே, படப் புத்தகப் பையோட? பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும், எப்படி விளையாடணும்னு பெத்தவங்களுக்குச் சொல்லித் தர. உங்க வீட்டுக்கு யாரும் வரலையா?"

"இல்லைங்க," என்றான்.

அப்போது வகுப்புக் கதவை யாரோ தட்டினார்கள்.

மகள் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள். மேசைக்கு அடியில் போய்க் குந்தினாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தவனின் உதட்டில் விரலை வைத்தாள்.

"பேசாதப்பா. கொஞ்ச நேரத்துல போயிடுவாங்க."

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, முழுசாப் பேசுறா! அடி கல்லுளிமங்கி, இத்தன நாளா இத எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?"

கதவு மறுபடி தட்டப்பட்டது. அதைக் காதில் வாங்காமல் பேனாவோடு சுவருக்கு ஓடினார். வெறுமையாக இருந்த இடத்தில் மகள் சொன்னதை அப்படியே எழுதினார்.

மேசைக்கு அடியில் குனிந்தபடி பார்க்கும்போது அவனுக்கு அந்தப் படம் அலமாரியாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்த கதவு அது. அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல். சீக்கிரம் நகராத நிழல்.

வீட்டுக்கு வந்து சொல்லித் தரச் சொல்லி, மனைவி உயிரோடு இருந்தபோது மகளின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தாள். அதனால்தான் படப் புத்தகப் பையோடு அந்தப் பெண் மாதக்கணக்கில் வந்தாள். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பாப்பாவோட அம்மா இருக்காங்களா?"