நான்காவது புகார்

"இது வெடிச்சா எத்தனை வீடு போகும், தம்பி?"

சாமான் அறை வாசலில் நின்றபடி கேட்டாள் போஹுமிலா. அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவி. கையில் மடித்த காகிதம் ஒன்று. காலணியைக் கழற்றி விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கொண்டவள், காபி வேண்டாம் என்றபோதே விலேமுக்கு இது நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. "நாலாவது புகார் வந்திருக்கு, உன் பாத்திரத்தைப் பாக்கணும்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

மூன்று புகார் வரை சங்கம் பொறுத்துக்கொள்ளும். நான்காவது வந்தால் பீர் புளிக்கவைக்கிற சாமான் அத்தனையும் கட்டடத்தை விட்டுப் போயாக வேண்டும். அவளே எழுதி மாடிப்படியில் ஒட்டிய விதி அது. பகல் முழுக்க டிராம் ஓட்டி, ஊர் பேச்செல்லாம் கேட்டுவிட்டு வருகிற விலேமுக்கு எட்டு வருஷமாக நிம்மதி என்று இருந்ததே இந்தச் சாமான் அறைதான். அதுவும் இன்றோடு போகப்போகிறது.

புளிக்கிற நாட்களில் அழுகிய முட்டை நாற்றம் குளியலறைக் காற்றுக்குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போகும், அதை அவன் மறுக்கவில்லை. 'நம்ம ஓலொமோட்ஸ் ஊர்க்காரங்க வாரம் தவறாம திங்கிற சீஸ் நாறாத நாத்தமா' என்று அவன் மனைவி யித்கா சங்கக் கூட்டத்தில் கேட்டும் பார்த்தாள். எடுபடவில்லை. மூன்றாவது புகார்தான் பச்சை அநியாயம். பீர் புளிக்கவைக்கிற வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவனும் யித்காவும் குரோஷியாக் கடற்கரையில் காய்ந்துகொண்டிருந்த வாரத்துக்கு வந்தது அது. முறையிடப் போனவனிடம், வாசம் சுவரில் ஊறிக் கிடக்கும் என்று சொல்லி ஒரே நிமிஷத்தில் அனுப்பிவிட்டாள் இந்த மகராசி.

அதற்கப்புறம்தான் வாளியை ஓரங்கட்டிவிட்டு, காற்றுப் புகாத இந்த அழுத்தப் பாத்திரத்தை வாங்கினான். ரெண்டு மாதமாக யாரும் மூச்சு விடவில்லை. இப்போது எங்கிருந்து முளைத்தது இந்தப் புகார்?

"வெடிக்காது மேடம். கார் டயர்ல இருக்கிறதுல பாதி அழுத்தம்கூட இல்ல. அதிகமானா இந்த வால்வு தானா திறந்துக்கும்."

அவள் விரலை மடக்கிப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே தெரிகிற மாதிரி ப்ளாஸ்டிக்கிலும் வருகிறதாமே, அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள்.

விலேமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவனும் யித்காவும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னான். ப்ளாஸ்டிக் லேசு, விலையும் குறைவு. ஆனால் கொதிநீர் பட்டால் கோணிக்கொள்ளும். எஃகு கனம்தான், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவலாம், ஆயுசுக்கும் உழைக்கும்.

"தனியா ஒரு பொம்பள தூக்க முடியுமா?"

"காலியா இருந்தா தூக்கலாம்." இதெல்லாம் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. சாமானை வெளியேற்ற ஆள் கூப்பிட வேண்டுமா என்று கணக்குப் போடுகிறாளோ என்னவோ.

குளிர்ப்பெட்டி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய் என்பது அடுத்த கேள்வி. அழுத்தத்தில் புளித்தால் அறைச் சூட்டிலேயே சுவை கெடாமல் வரும், பத்து டிகிரியில் வைத்துக் காவல் காக்க வேண்டாம் என்றான். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"சரி, மிச்சக் காத்து? அதுதானே நாறும்?"

கடைசியில் விஷயத்துக்கு வந்துவிட்டாள். வால்விலிருந்து சன்னலுக்கு வெளியே போகிற மெல்லிய குழாயை விலேம் காட்டினான். அவள் அந்தக் குழாய் நெடுக மோந்துகொண்டே போய்ச் சன்னலில் முட்டி நின்றாள்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரு கோப்பையை எடுத்து அந்தப் பாத்திரத்திலிருந்தே பிடித்து நீட்டினான். பாதிக் கோப்பைக்கு நுரை நின்றது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள், உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

"முட்டை வாசம் துளிகூட இல்லையே."

"அதைத்தான் சொல்றேன் மேடம். யார் வீட்டுல வேணும்னாலும் கேளுங்க. ரெண்டு மாசமா இங்கேருந்து எந்த வீட்டுக்கும் நாத்தம் போகல. இந்தப் புகார் மட்டும் உண்மையா இருந்தா, நானே இதைத் தூக்கி வீதியில வெச்சிடறேன்."

"புகார் உண்மைதான்" என்றாள் அவள் அமைதியாக. மூலையில் கவிழ்த்திருந்த பழைய வாளியின் மேல் உட்கார்ந்து, கோப்பையைக் காலி செய்தாள். "இதை எங்க வாங்கினே?"

கடையின் மேலும் நடவடிக்கையா? விலேம் வெறுத்துப்போய்ப் பெயரைச் சொன்னான். அவள் அதைக் காகிதத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, அப்படியே அவனிடம் நீட்டினாள்.

படிக்க மனமில்லாமல் பிரித்தான். அழுகிய முட்டை நாற்றம், ஒரு வாரமாகத் தாங்கவில்லை, நான்கு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. மேலே, நாறுகிற வீட்டின் எண். அவன் வீடு ஒன்பது. காகிதத்தில் இருந்தது ஆறு. அவன் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிற வீடு, போஹுமிலாவுடையது.

"அந்தக் கடைக்கு எந்த டிராம் போகுதுன்னு சொல்லு, தம்பி" என்றாள் தலைவி. "உன் வாளி நாறின வரைக்கும், என் வாளியை ஒருத்தரும் தேடல."