மூணு மாச ஆவரேஜ்

"என்ன சம்பந்தி, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சாமே? எவ்ளோ?"

மருமகளின் அப்பா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மாமனார் ஆரம்பித்துவிட்டார். கேரம் போர்டில் பவுடரைத் தூவிக்கொண்டே கேட்டார். மருமகளுக்குச் சுருக்கென்றது.

"வெறும் வயித்துல நூத்திப் பத்து" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

"டெஸ்டுக்கு முந்தி நாலு நாள் வாயைக் கட்டினா யாருக்கும் அது வரும். மூணு மாச ஆவரேஜ் எவ்ளோ? அதை ஏமாத்த முடியாதே!"

அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"ஒம்பது புள்ளி நாலு."

"அடேயப்பா! எனக்கும் போன வாரம் பார்த்தாங்க. சுகர்னுட்டாங்க. ஆனா எட்டு புள்ளி ஒம்பதுதான்." மாமனார் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "டிரைவிங் ஸ்கூல் வெச்சு ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கத்துக் குடுக்கறீங்க. உங்க வாய்க்கு ஒரு பிரேக் போடக் கூடாதா?"

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. அன்றைக்கு ஆட்டத்திலும் தோற்றார்.

இரவு, மருமகள் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"சர்க்கரை கிட்னியைத் தொட ஆரம்பிச்சிடுச்சு, இப்படியே விட்டா டயாலிசிஸ்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் அழுது பார்த்துட்டேன், அம்மா சண்டை போட்டுப் பார்த்துட்டாங்க. மாத்திரையைத் தொட மாட்டேங்கறார். அந்த மனுஷன்கிட்ட போய் உங்கப்பா மார்க் கேக்கற மாதிரி கேக்கறாரே, இதெல்லாம் ஒரு விளையாட்டா?"

"அவர் அப்படித்தான், விடு."

"எப்படி விடறது? கேரம்ல பேத்திகிட்டகூடத் தோக்க மாட்டார். இப்ப வியாதியிலயும் ஜெயிக்கணுமா?"

கணவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை அம்மாவிடமிருந்து போன்.

"உங்கப்பா நடக்கப் போயிருக்கார்டி!"

"யாரு, அப்பாவா?"

"மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டார். 'அந்தாளு முன்னாடி நான் தோக்கறதா'ன்னு கத்திக்கிட்டே போறார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலை."

அடுத்த டெஸ்ட்டில் அப்பாவுக்கு எட்டு புள்ளி ஒன்று. ஓடோடி வந்து சொன்னார்.

"பரவால்லையே!" என்ற மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஏழு புள்ளி எட்டு" என்றார்.

அதற்கடுத்த முறை அப்பாவுக்கு ஏழு புள்ளி மூன்று. மாமனாருக்கு ஏழு.

ஜெயித்தது போதாதென்று அலட்டல் வேறு. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சர்க்கரை போடாத காபியைச் சப்புக்கொட்டிக் குடிப்பார். "கசப்பா இருந்தாலும் நான் குடிப்பேன் சம்பந்தி. உங்களால முடியுமா?" அப்பாவும் ரோஷத்தோடு ஒரு டம்ளர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடிப்பார். மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா ஒரே ஒரு தடவையாவது இந்த மனுஷனை ஜெயித்துவிட வேண்டும் என்று, சமையலறையில் நின்றுகொண்டு வேண்டிக்கொள்வாள்.

அந்த நாளும் வந்தது. அப்பா காலிங் பெல்லைக்கூட அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு புள்ளி ஆறு! கிட்னி நம்பரும் ஏறாம அப்படியே நிக்குது. யூரின்ல புரோட்டீன் போறதும் குறைஞ்சிருக்காம். டயாலிசிஸ் பேச்சையே எடுக்க வேண்டாம், இப்படியே போங்கன்னுட்டார் டாக்டர். இப்ப சொல்லுங்க, உங்களுது எவ்ளோ?"

மாமனார் கேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்கரை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"எனக்கு... ஏழு புள்ளி ஒண்ணு. ஏறிடுச்சு."

"தோத்துட்டீங்க சம்பந்தி!" அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்போதும் வீங்கிக் கிடக்கும் அவர் கை இப்போது வற்றி, பழைய மோதிரம் தளர்ந்து ஆடியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இருக்கட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று முணுமுணுத்தார் மாமனார்.

"பார்க்கலாம், பார்க்கலாம்!" விசிலடித்துக்கொண்டே கிளம்பினார் அப்பா.

வழியனுப்பிவிட்டு வந்த மருமகளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் இவருக்கு! காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாமனார் சூடான காபியை நீட்டிக்கொண்டிருக்க, மாமியார் அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுவிட்டு இன்னொரு ஸ்பூனை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க? மாமாவுக்கு சுகர்!"

மாமியார் சிரித்துவிட்டாள். "இவருக்கு ஏதும்மா சுகர்? இவர் போடறது சத்து மாத்திரை. உங்கப்பா நம்பரைக் கேட்டப்புறம்தானே இவர் தன் நம்பரையே சொல்லுவார், கவனிக்கலையா நீ?"

மாமனார் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க, அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். இன்னிக்கு ஒரு டம்ளர்தாம்மா... நாளையிலேர்ந்து எனக்கு மறுபடியும் சர்க்கரை போடாதே, அடுத்த ரவுண்டு இருக்கு."